பாட்டும் மரண அறிவித்தலும்

1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது. அப்போது ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றிடம்தான் அப்பப்பா ரேடியோகிராமை வாங்கினார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது அது திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ஹோலில், மினுக்கிய மரப்பெட்டியாக, சுவரோரம் நீண்டு நின்றது. ஒரு பக்கம் வால்வு ரேடியோ. மறுபக்க மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் மேடை.

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தது மின்சாரம். பழைய கிராமபோனில் ஊசியின் அதிர்வு நேரே குழாய் வழியாகச் சத்தமாக வெளிவந்தது. 1920களின் நடுவில் அந்த அதிர்வை மின்னோட்டமாக மாற்றக் கற்றார்கள். ரேடியோவின் ஒலிபெருக்கியே தட்டுக்கும் போதுமானதாயிற்று. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கலாம். குமிழைத் திருப்பி, ரேடியோவா தட்டா என்று முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அந்தக் குமிழடியில்தான்.

எனக்குத் தட்டுத்தான் விருப்பம். கரார்ட் சேஞ்சர். நடுக்கம்பியில் தட்டுகளை அடுக்கிவிட்டால் ஒன்று முடிய அடுத்தது தானாக விழும். அரக்கில் செய்த 78 தட்டு விழும்போது நெஞ்சு பதறும். கீழே போட்டால் உடைந்துவிடுகிற சாதி அது. பாட்டு நடுவில் ஓடும்போதே அப்பம்மாவின் குரல் வரும்: "தம்பி, தட்டை நிப்பாட்டு. மரண அறிவித்தல் போகப்போகுது."

பிறப்பிடம், வதிவிடம், உற்றார் பெயர்கள், தகனம் எத்தனை மணிக்கு. தந்தி வந்து சேரும் முன்னரே வானொலி சொல்லிவிடும். பக்கத்து வீட்டு ஆச்சியும் படியில் வந்து குந்துவா. தெரிந்த பெயர் வந்தால் கடைசி பஸ்ஸுக்கு ஓட்டம்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நடந்த சியாக் வானொலியின் கருவிகள்தான் பிறகு ரேடியோ சிலோனுக்கு வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் இருந்தார்கள். கடற்படை விட்டுப்போன பெட்டியில், படையினர் விட்டுப்போன வானொலியை நாங்கள் கேட்டோம் என்பதை நினைக்க இன்றும் வியப்பாயிருக்கிறது. இரவானால் மத்திய அலையில் திருச்சியும் தெளியும். சூரியன் மறைந்தபின் வானத்து அயனி அடுக்கு அலையைத் தூரத்துக்குத் திருப்பி அனுப்புவதால்.

தட்டு வீட்டிலேயே இருக்கும். அதே பாட்டைக் கேட்டு அக்கா நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போடுவா. நான் சிரிப்பேன். எங்கள் பெயரோடு ஊர் முழுக்க அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்ற ஆசை அவவுக்கு.

1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு. ஊசி கிடையாது, வால்வு கிடையாது. உப்புக்காற்று தன் பங்குக்குச் சேஞ்சரைத் துருப்பிடிக்க வைத்தது. 1977இல் கதவு திறந்தபோது கசெட் வந்தது. யாரும் ஊசி தேடவில்லை. 1984இல் எங்கள் ஊர்ப்பக்கம் பேர்காராவில் ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் எழுந்தபோது எங்கள் பெட்டி மௌனமாகிப் பல காலம். 1990இல் ஊரைவிட்டு ஓடினோம். அந்தப் பாரத்தை யார் தூக்குவது?

அந்தத் தட்டுகளின் பாட்டெல்லாம் இப்போது கைபேசியில் கிடைக்கிறது. நான் தேடுவது குமிழின் மற்றப் பக்கத்தை: அப்பம்மா என் பாட்டை நிறுத்தச்சொன்ன அந்தப் பத்து நிமிடங்களை.