நாலாவது வரியில் நின்ற வேலை

எனக்கு வயது 43. மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் 16 வருடங்களாக என் பிழைப்பு. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம், டெஸ்டிங் பிரிவை மூடப்போவதாக அறிவித்தபோது ஒரு வாய்ப்பும் கொடுத்தது. ஆறு வாரப் பயிற்சி. முடிவில் லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு மாட்யூல் எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் டிரைவர்கள் எழுதும் பிரிவில் இடம். இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

மெமரி, டிஸ்க், கீபோர்டு என்று கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது கெர்னல். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ் கெர்னல். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நிறுத்தாமலேயே அதில் மாட்டவும் கழற்றவும் முடிகிற துண்டுக்குப் பெயர் மாட்யூல்.

எல்லோரும் முதலில் எழுதும் மாட்யூல் ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டும்போது பதிவேட்டில் 'ஹலோ' என்று ஒரு வரி, கழற்றும்போது 'குட்பை' என்று ஒரு வரி. சி மொழியில் 15 வரி. திங்கட்கிழமை தேர்வு. ஞாயிறு மாலைக்குள் எழுதி முடித்துவிட்டேன். வினை மேக்ஃபைலில் காத்திருந்தது.

எதிலிருந்து எதை, எப்படிக் கட்டுவது என்று 'மேக்' என்ற புரோகிராமுக்குச் சொல்லும் குறிப்புதான் மேக்ஃபைல். என்னுடையது நாலே வரி. முதல் வரி, ஹலோவை மாட்யூலாகக் கட்டு என்கிறது. இரண்டாவது காலி. மூன்றாவதில் 'ஆல்' என்று இலக்கின் பெயர், ஒரு முக்காற்புள்ளி. நாலாவது, கெர்னலின் பில்ட் டைரக்டரிக்குப் போய் அங்குள்ள விதிகளின்படி என் ஃபைலைக் கட்டிக்கொண்டு வா என்ற கட்டளை.

'மேக்' என்று அடித்தேன். "4: மிஸ்ஸிங் செபரேட்டர். ஸ்டாப்." பிரிக்கும் குறியைக் காணோம், நிறுத்திவிட்டேன் என்று அர்த்தம். பயிற்சியில் கொடுத்த தாளோடு நாலாவது வரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். அடைப்புக்குறி சரி. டாலர் குறி சரி. பயத்தில் ஒரு தவறும் செய்தேன். குற்றமே சாட்டப்படாத சி புரோகிராமை மூன்று முறை மாற்றி எழுதினேன். மணி 11 ஆகிவிட்டது.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அந்த வரிக்கு முன்னால இருக்கறது டேப்பா, ஸ்பேஸா?"

"ரெண்டும் வெறும் இடம்தானே?"

"நமக்கு. அதுக்கு இல்ல. எங்க லேப்ல பாதிப் பேர் இதுல மாட்டினாங்க."

'கேட்' கட்டளையோடு ஒரு கோடும் பெரிய 'ஏ' எழுத்தும் சேர்த்து ஃபைலைத் திறக்கச் சொன்னாள். அப்படித் திறந்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். டேப் இருந்தால் ஒரு கூரைக்குறியும் 'ஐ' எழுத்தும் வரும். எனக்கு வரவில்லை. நான் டேப் விசையைத்தான் அழுத்தியிருந்தேன். எடிட்டர் அதை நாலு ஸ்பேஸாக மாற்றி வைத்திருந்தது.

டேப் போட்டதும் வேறு பிழை: பில்ட் டைரக்டரியே இல்லை. என் கெர்னலின் பதிப்புக்குரிய ஹெடர் ஃபைல்களை நிறுவியிருக்கவில்லை. பதிப்பு எண்ணைப் பார்த்து, அதே எண்ணுக்கானதை நிறுவினேன். மூன்றாவது பிழை: மேக்ஃபைலைக் கட்ட விதி இல்லை. ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறதே! இந்த முறை பதறாமல், மேற்கோளுக்குள் இருந்த பெயரை அப்படியே படித்தேன். அது கேட்டது பெரிய 'எம்'மில் தொடங்கும் மேக்ஃபைல். நான் வைத்திருந்தது சின்ன 'எம்'. வெறும் 'மேக்' இரண்டையும் ஏற்கும். கெர்னலின் கட்டுமான முறை ஏற்காது.

இரவு 1 மணிக்கு மாட்யூல் உருவானது. மாட்டினேன். பதிவேட்டில் 'ஹலோ'வுக்கு முன்னால் இன்னொரு வரி: வெளியிலிருந்து வந்த மாட்யூல் கெர்னலைக் கறைப்படுத்துகிறது! பிழை இல்லை, கெர்னலின் வழக்கமான எச்சரிக்கைதான். மகளும் நானும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அவள் தூங்கப் போன பிறகும் அந்த டேப் என்னை விடவில்லை. யார் வைத்த விதி இது? தேடிப் படித்தேன். 'மேக்'கை 1976ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். 2003ல் ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது அதற்காகவே அவருக்குக் கிடைத்தது. டேப் விதி அவசரத்துக்குக் கண்ட எளிய வழி என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் மாற்றாமல் விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்குக் காட்டிய இரக்கம், நடுராத்திரியில் என் சமையலறை மேஜை வரை வந்துவிட்டது.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு அறிக்கையில் தேதிக்கு முன்னால் மாதம் வருவதைக் கண்டுபிடித்தவள் நான். 'பத்து வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள், இருக்கட்டும்' என்றார் மேலதிகாரி. கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் அதில் தடுமாறி என்னிடம் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன்: "அது அப்படித்தான்."

திங்கட்கிழமை மாட்யூல் ஓடியதை அதிகாரி ஒரு தலையாட்டலோடு பார்த்துவிட்டு, "என்னென்ன பிழை வந்தது, ஏன் வந்தது?" என்றுதான் கேட்டார். மூன்றையும் சொன்னேன். இரண்டு வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது.

அடுத்த பயிற்சிக்கு வந்த 50 வயதுக்காரர் ஒருவர் போன மாதம் என் பக்கத்து இருக்கையில் திரையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். "மேடம், எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாலாவது வரியில நின்னுடுது" என்றார். அது அப்படித்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "சார், முதல்ல கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கலாம். 'கேட்' அடிங்க, ஒரு கோடு, அப்புறம் பெரிய 'ஏ'..."