மூன்று விதமான 'தாங்க் யூ'

2019ஆம் ஆண்டு ஆனி மாதம் லண்டனில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளை 29 வருடங்களுக்குப் பிறகு காணப் போகிறேன் என்ற தவிப்பில் விமானத்தில் நித்திரையே வரவில்லை.

அவள் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பகுதியில். ரயிலால் இறங்கியதும் நீண்ட கடைத்தெரு. முருங்கைக்காயும் புடவையும் நகையும் அங்கே வாங்கலாம். கொஞ்சத் தூரம் நடந்தால் மகாலட்சுமி கோயில். தமிழ், உருது, வங்காளம் என்று பல பாஷைகள் காதில் விழும்.

தங்கச்சி நேராக லண்டனுக்கு வந்தவள் அல்ல. அவளின் கணவர் 1985இல் ஜேர்மனிக்குப் போனவர். 1990இல் இவள் போய்ச் சேர்ந்தாள். 2002இல் காமாட்சி அம்பாளுக்குப் பெரிய கோயில் எழும்பிய ஹம் நகரில்தான் இருந்தார்கள். ஜேர்மன் குடியுரிமை கிடைத்த பின் 2005இல் லண்டனுக்கு வந்தார்கள். அந்த நாட்களில் ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் பிரித்தானியாவில் போய் இருக்கலாம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று ஜேர்மனி, டென்மார்க், நெதர்லாந்திலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் அப்படி வந்தன. 2020 முடிவோடு அந்த வழி அடைபட்டுவிட்டது.

முதல் நாள் இராச்சாப்பாட்டில் ஒரு வேடிக்கை கண்டேன். நன்றி சொல்லும் ஆங்கிலச் சொல்லைத் தங்கச்சி எங்களைப் போல 'தாங்க் யூ' என்றாள். அவளின் கணவர் ஜேர்மன்காரர் மாதிரி 'சாங்க் யூ' என்றார். லண்டனில் பிறந்த மகனோ கிழக்கு லண்டன் பெடியன்களைப் போல 'ஃபாங்க் யூ' என்றான். மகள் 12 வயதில் வந்தவள். லண்டன் பிள்ளைகள் மாதிரித்தான் கதைப்பாள். களைத்துப் போனால் மட்டும் தகப்பனின் 'ச' எட்டிப் பார்க்கும். ஒரே வீடு, ஒரே சொல். இருந்து வந்த நாடு ஒவ்வொருவர் நாக்கிலும் தங்கிவிட்டது.

இதில் கெட்டித்தனம், மடைத்தனம் என்று ஒன்றுமில்லை. ஒரு வயதாகும் முன்னரே குழந்தையின் காது வீட்டுப் பாஷையின் ஒலிகளுக்குப் பழகிவிடுகிறது. சிறு வயதில் புதிய ஒலி சுலபமாக ஏறும். வளர்ந்தபின் பழைய ஒலியின் மேல்தான் புதியது உட்காரும்.

நாலாம் நாள் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். துருவிக் கேட்டேன். மாதவிடாய் நின்று இரண்டு வருடமாம். மூன்று மாதமாகத் திரும்ப இரத்தம் படுகிறதாம்.

"டொக்டரிட்டைச் சொன்னியே?"

"தம்பிதானக்கா போன் எடுத்துக் கதைக்கிறவன். இதை ஆம்பிளைப் பிள்ளையிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

"நீயே கதையன்."

"நான் வாய் திறந்தால் 'சொறி?' எண்டு திருப்பிக் கேக்கினம். ரெண்டு தரம் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிப் போயிடும்."

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவரை மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் ஒலி எங்கள் நாக்கில் இயல்பாக வராது. அந்த ஒலியை வைத்துத்தான் தமிழரைப் பிரித்தெடுத்தார்கள். சிங்கள ஊர்களில் வேலை செய்து பழகியதால் அப்பா தப்பினார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். உச்சரிப்புப் பிழைத்தால் உயிர் போகும் என்ற பயம் தங்கச்சியோடு கடல் தாண்டியும் போயிருக்கிறது.

இருவருமாக ஒரு தாளில் மூன்று வசனம் எழுதினோம். வயது, எத்தனை மாதமாக இரத்தம் படுகிறது, பெண் வைத்தியர் வேண்டும். அவள் கை நடுங்க நடுங்கப் போன் எடுத்தாள். அந்தப் பக்கத்துப் பெண் 'சொறி?' என்றாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு ஆறுதலாகத் திரும்பச் சொன்னாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். அங்கே அதற்குக் காசில்லை. நேரில் போனபோது பார்த்தால், அவளும் போலந்திலிருந்து வந்தவள். அவளின் ஆங்கிலத்திலும் அவளின் ஊர் இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சிறு சதை வளர்ச்சி, புற்றுநோய் இல்லை. அதை எடுத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் சிறிதளவு இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பெரிய வருத்தமாக இராது. ஆனால் புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்லலாம். சிங்களம் சரியாக வராது, ஆங்கிலம் தெரியாது என்று ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் வாய் மூடி நிற்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறோம். தெரிந்ததைத் தெரிந்த மாதிரிச் சொல்லுங்கள்.

நான் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் என் பெட்டியின் நிறை கூடிவிட்டது. தங்கச்சி அந்த உத்தியோகத்தரிடம் ஏதோ கேட்டாள். அவர் 'சொறி?' என்றார். அவள் தலை குனியவில்லை. முன்னதைவிடக் கொஞ்சம் உரத்து, அதே 'தாங்க் யூ' நாக்கால் திரும்பச் சொன்னாள். பெட்டி போனது.