பட்டியலில் இருத்தல்

பாங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு எதற்கும் ஒரு கெடு உண்டு என்பது சேர்ந்த முதல் மாதத்திலேயே பழகிவிடுகிறது. செக்கின் ஆயுள் இப்போது 3 மாதம். 2012 ஏப்ரலுக்கு முன்னால் 6 மாதம். யாருடையது என்று தெரியாமல் வந்து விழுகிற பணம் சஸ்பென்ஸ் கணக்கில் போய் உட்காரும். அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட முடியாது. ஆடிட்டர் வருவதற்குள் யார் பேரிலாவது திருப்பியாக வேண்டும். 10 வருஷம் யாரும் தேடி வராத டெபாசிட்டை ரிசர்வ் பாங்க்கிடம் இருக்கிற ஒரு நிதிக்கு அனுப்பிவிடுகிறோம். பணத்துக்கு இவ்வளவு தெளிவாக வரம்பு கட்டியிருக்கிற நாம், எதிர்பார்ப்புக்கு வரம்பு கட்டுகிற வேலையை மட்டும் அந்தந்த வீட்டின் பொறுப்பில் விட்டிருக்கிறோம். மருத்துவக் கல்லூரிக்கான காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் எத்தனை நாள் இருக்கலாம் என்ற கேள்வி அப்படி வீட்டுக்குள் விடப்பட்டது. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2012இல் என் தங்கை பிளஸ் டூ முடித்தாள். 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2006ஆம் வருஷச் சட்டத்தோடு போய்விட்டிருந்தது. நீட் இன்னும் வந்திருக்கவில்லை. உயிரியலை 100க்கும் இயற்பியலையும் வேதியியலையும் 50, 50க்கும் சுருக்கிக் கூட்டினால் 200க்கு ஓர் எண் வரும். அந்த எண்தான் ஆள். அவளுடைய எண் 197.25. அதே 197.25இல் மாநிலம் முழுவதும் எத்தனையோ பிள்ளைகள் நின்றார்கள். அவர்களை வரிசைப்படுத்த உயிரியல் மதிப்பெண், பிறகு வேதியியல், பிறகு நாலாவது பாடம், பிறகு பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சமமாகிவிட்டால் கடைசியில் கம்ப்யூட்டர் கொடுத்த சமவாய்ப்பு எண்ணைப் பார்ப்பார்கள். 12 வருஷப் படிப்பின் முனையில் ஒரு சீட்டுக் குலுக்கல் உட்கார்ந்திருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கலந்தாய்வு அவளுக்கு 22 பேர் முன்னால் நின்றுபோயிற்று. பிற்பட்டோர் காத்திருப்போர் பட்டியலில் 23ஆவது பெயர் அவளுடையது.

பட்டியல் நகரும் விதம் வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் வீடே அதில் நிபுணத்துவம் அடைந்துவிடும். மாநிலத்தின் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். அந்தக் காலத்தில் அதில் நிரம்பாதவை மாநிலத்துக்கே திரும்பி வந்தன. ஜிப்மரோ எய்ம்ஸோ கிடைத்துப் போகிறவன் ஒருவன் சென்னையில் ஓர் இடத்தைக் காலி செய்தால், மதுரையில் இருப்பவன் அங்கே நகர்வான். மதுரைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒருவன் வருவான். கடைசியில் காலியாகிற இடத்துக்குப் பட்டியலின் முதல் பெயரை அழைப்பார்கள். ஆக, யாரோ முகம் தெரியாத ஒரு பையன் வேறெங்கோ போக முடிவு செய்வதற்காகத் திருநெல்வேலியில் ஒரு குடும்பம் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும். அவனுக்கு நல்லது நடக்கவேண்டும் என்ற அந்தப் பிரார்த்தனையில் உள்ள சுயநலம் விசித்திரமானது. ஆனால் கெடுதல் இல்லாதது.

அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு 24 வயது. பாங்க்கில் சேர்ந்து இரண்டு வருஷம். சம்பளம் வாங்குகிறவன் என்ற ஒரே காரணத்தால் தீர்மானிக்கிறவன் என்ற ஸ்தானத்தில் என்னை உட்கார்த்தினார்கள். மாமா ஒரு வழி சொன்னார்: தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு. எனக்குக் கல்விக் கடன் விதிகள் மனப்பாடம். 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள், 7.5 லட்சம் வரை இன்னொருவர் ஜாமீன். அதற்கு மேல் போனால் சொத்து. எங்கள் சொத்து என்பது அப்பா கட்டின இரண்டு அறை வீடு. காத்திருப்பை உடனடியாக முடித்துவைக்க ஒரு விலை இருந்தது. அந்த விலை நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த வீடு. தங்கை, “வீட்ட வச்சு நான் படிக்கமாட்டேன் மாமா” என்றாள். அவர் அதற்கப்புறம் வற்புறுத்தவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது, அவள் போகவில்லை. பக்கத்துக் கல்லூரியில் தாவரவியலில் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வகுப்புக்குப் போய்விட்டு வந்தாள். லேப் நோட்டு வாங்கவில்லை. ‘எதுக்கு, எப்படியும் போகப்போறவதானே’ என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு மாதங்களில்தான் முல்லைத் திணையைப் பற்றி எனக்கு ஏதோ புரிந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்குக் காத்திருத்தல் என்றவுடன் பெக்கெட் ஞாபகம் வரும். ஆனால் கோதோவுக்காகக் காத்திருக்கும் இருவருக்கும் வரிசை எண் கிடையாது. நேற்று 23, இன்று 19 என்று நகர்கிற அவஸ்தை அவர்களுக்கு இல்லை. காஃப்கா 1915இல் வெளியிட்ட ‘சட்டத்தின் முன்னால்’ கதையில் வாசல் அந்த ஒருவனுக்காக மட்டுமே வைக்கப்பட்டது என்று கடைசியில் தெரிகிறது. எங்கள் வாசல் எல்லாருக்குமானது. யாரைக் குறிவைத்தும் அது மூடப்படவில்லை. அதனால் அதோடு சண்டை போடவும் வழியில்லை. முல்லை வேறு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ‘காத்திருத்தல்’ என்றுகூட இல்லை, வெறும் இருத்தல். அந்த இருத்தலுக்கு ஒரு கெடு உண்டு: கார்காலம். மழை தொடங்குமுன் வருகிறேன் என்று சொல்லித்தான் அவன் போகிறான். கார்காலம் என்பது ஆவணியும் புரட்டாசியும்.

மருத்துவச் சேர்க்கைக்கு உச்சநீதிமன்றம் விதித்திருந்த கடைசி நாள் செப்டம்பர் 30. நடுவில் ஆள் சேர்க்கக் கூடாது என்று 2002இலும், கால அட்டவணையைக் கண்டிப்பாகப் பின்பற்றவேண்டும் என்று 2005இலும் தீர்ப்புகள். செப்டம்பர் 30 புரட்டாசியின் நடுவில் விழுகிறது. இந்தப் பொருத்தத்தை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை; எங்கள் ஊரில் அப்போது மழையும் கிடையாது, பொன் உருகக் காய்கிற வெயில்தான். ஆனால் சங்கக் கவிதை கெடுவைக் கையாள்கிற விதம் எனக்குப் பயன்பட்டது. குறுந்தொகையில் ஒரு தோழி, கொன்றை பூத்துவிட்டதைப் பார்த்துக் கலங்குகிற தலைவியிடம், இது கார் இல்லை, பருவமல்லாத மழையைப் பார்த்து மரம் ஏமாந்துபோய்ப் பூத்துவிட்டது என்று சொல்கிறாள். உரைகாரர்கள் இதை ஆற்றுவித்தல் என்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். வீட்டில் ஆகஸ்டு பிறந்தபோது வேறு மாதிரிப் பட்டது. கெடு வந்தபிறகு அதைக் கெடு இல்லை என்று சொல்ல அன்புள்ள ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்பதுதான் அந்தக் கவிதையின் பயங்கரம். தோழியின் பொய் தலைவியைக் காப்பாற்றுகிறதா, இன்னும் ஒரு மாதம் கட்டிப்போடுகிறதா என்பதைக் கவிதை சொல்வதில்லை.

முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் ஊருக்கு வெளியே போய் நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்கிறார்கள். தாயைத் தேடி நிற்கிற கன்றிடம் இடைப்பெண் ஒருத்தி, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. யாரோ யாருக்கோ சொன்னது. அதை நற்சொல்லாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எங்கள் விரிச்சி பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் கேட்டது. ‘அகில இந்திய சீட்டு இந்த வருஷம் நிறையத் திரும்புதாம்.’ ‘சிவகங்கையில காலேஜ் வந்துட்டு, அடுத்து திருவண்ணாமலைதான்.’ சிவகங்கை 2012இல் வந்தது உண்மை. திருவண்ணாமலையும் வந்தது, 2013இல். விரிச்சி பொய் சொல்லவில்லை. எங்கள் வருஷத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்டு நடுவில் எண் 11 ஆயிற்று. இதை நற்செய்தி என்றுதான் யாரும் சொல்வார்கள். எனக்கு அது 23ஐ விட மோசமாகப் பட்டது. 23இல் அவள் இரவு தூங்கினாள், 11இல் தூங்கவில்லை. வகுப்பில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்காக ஒரு நாள் வெளியே அனுப்பப்பட்டாள். அன்று மாலை நான் பாங்க்கிலிருந்து வந்தபோது புதிதாக ஒரு லேப் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல நீங்க யாரும் எங்கிட்ட நம்பர் சொல்லக் கூடாது.”

அம்மா அடுப்படியிலிருந்து, “செப்டம்பர் முப்பது வரைக்கும் இருக்குல்லாட்டி?” என்றாள்.

“அது அவங்க தேதிம்மா.”

இந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்கிறாளோ என்று அம்மா பயந்தாள். அப்படி இல்லை. அழைத்தால் போவாயா என்று நானே கேட்டேன். “கூப்பிட்டா போகாம? கண்டிப்பா போவேன்” என்றாள். பெயர் இருக்கும், அவள் இருக்கமாட்டாள். பட்டியலில் இருப்பதும் காத்திருப்பதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்பதை முல்லைப்பாட்டைப் படித்த எனக்குப் பதினேழு வயதுப் பெண் சொல்லவேண்டியிருந்தது. பெயர் பட்டியலில் இருப்பதற்குச் செலவில்லை. காத்திருப்பதற்குத்தான் செலவு: வாங்காத நோட்டு, கவனிக்காத வகுப்பு, சிநேகிதம் செய்துகொள்ளாத பக்கத்து பெஞ்சுப் பெண். அந்தச் செலவை எதுவரை செய்வது என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் செலவாகிறவர்; அண்ணனோ அம்மாவோ நீதிமன்றமோ இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எங்கள் கிளையில் வாடிக்கையாளர் ஒருவரின் மகன், பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் இரண்டு மாதம் இருந்தபிறகு, செப்டம்பர் கடைசி வாரம் அழைப்பு வந்து படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனான். இப்போது குழந்தை டாக்டர். கடைசிவரை காத்திருந்ததால் கிடைத்தது என்று அவர் எல்லாரிடமும் சொல்லுவார். கிடைத்தது அவன் பெயர் பட்டியலில் இருந்ததால். அவன் ஹாஸ்டலில் தூங்கினானா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெற்றி பெற்றவர்கள் தங்கள் தூக்கமின்மைக்கும் அதில் பங்கு கேட்பார்கள். அது மனித சுபாவம்.

செப்டம்பர் 30 அன்று பட்டியல் நின்றது. அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. அம்மா மட்டும் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் தங்கை ஒரு செம்பருத்தியை பிளேடால் நெடுக்குவாட்டில் வெட்டி வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். அது ஆறுதலா, படிப்பா, பிடிவாதமா என்று நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மூன்று பேர் என்பது அவளுக்கு எப்போது தெரிந்தது என்றும் எனக்குத் தெரியாது.

சட்டம் இந்த விஷயத்தில் எப்போதும் கறாராகவே இருந்திருக்கிறது. வேலைக்கான தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உரிமை பிறந்துவிடாது என்று உச்சநீதிமன்றம் 1991இல் சொன்னது. தன்மேல் தவறில்லாமல் இடம் மறுக்கப்பட்ட மாணவருக்கு, அரிதான சந்தர்ப்பங்களில், கெடு தாண்டியும் ஒரு மாதத்துக்குள் இடம் தரலாம் என்று 2019இல் ஒரு ஜன்னலைத் திறந்தது. அது அநீதி இழைக்கப்பட்டவர்களுக்கு. வெறுமனே மூன்று பேர் பின்னால் நின்றவருக்கு அநீதி எதுவும் இழைக்கப்படவில்லை. அவருக்கு எந்த ஜன்னலும் இல்லை. அநீதி நடந்திருந்தால் கோபப்படலாம். ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு என்ன செய்வது?

இன்றைக்கு இந்தக் கேள்வி வடிவம் மாறிவிட்டது. 2017இலிருந்து தமிழ்நாட்டில் நீட்.  நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2022இல் அதிகபட்ச வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளும் பலபேருக்குக் கதவைத் திறந்தன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கதவு அகலமான அதே காலத்தில் கார்காலம் போய்விட்டது. ஒரு சுற்று, இரண்டாம் சுற்று, மிச்ச இடங்களுக்கான சுற்றுகள், அப்புறம் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம். பயிற்சி மையத்தில் மூன்றாவது வருஷம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவன் காத்திருக்கிறான். என் தங்கைக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர். கெடு இல்லாத இருத்தலுக்கு நம் மரபில் எந்தத் திணையில் இடம் என்று நான் யோசித்ததுண்டு. முல்லை இல்லை. வருகிறேன் என்று யாரும் சொல்லிப் போகாத நிலை அது.

தங்கை இப்போது மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறாள். ஒவ்வொரு வருஷமும் முடிவு வந்தபிறகு பிள்ளைகளும் பெற்றோரும் அவளிடம் வந்து, இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம் டீச்சர் என்று கேட்கிறார்கள். தன் கதையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அது ஒரு பதிலாகிவிடும் என்கிறாள். காத்திரு என்றோ விட்டுவிடு என்றோ சொல்வதும் இல்லை. “நாளைக்குக் காலைல எந்திரிச்சு என்ன செய்யப்போறே?” என்று மட்டும் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறாள். சில பிள்ளைகள் உடனே ஏதோ சொல்கிறார்களாம். பெரும்பாலான பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார்களாம்.