இரண்டு விரல்களுக்கு அடங்கும் குழாய்



சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கினால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: இன்னும் சற்று அழுத்தித் திருகுகிறோம். சொட்டு நின்றுவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். சில நாட்கள் சென்றபின் மறுபடியும் சொட்டுகிறது. முன்னிலும் வலுவாகத் திருகுகிறோம். கையில் பலம் உள்ளவரை இந்த வழி செல்லும். பலமில்லாத கைகளுக்கு அந்தக் குழாய் என்னவாகிறது என்பதையே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அண்மையில் வீடு சந்திப்புக்குச் சென்றபோது, தனியே வாழும் முதிய தாயார் ஒருவரின் சமையலறையில் குழாயின் வாயில் பழந்துணி ஒன்று கட்டப்பட்டிருந்தது. துணியின் நுனி வழியே நீர் ஓசையின்றி வடிந்து, கீழே வைத்திருந்த குண்டானில் நிறைந்துகொண்டிருந்தது. இரவில் சொட்டும் சத்தம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்காகவே அந்தத் துணி.

“பையன் வந்தா நல்லா மூடிருவான் ஐயா. என் கைக்குத்தான் அது அடங்க மாட்டேங்குது” என்றார். மூட்டுவலியால் வளைந்த விரல்கள் அவருக்கு. மகன் அன்புள்ளவர், வரும்போதெல்லாம் குழாயை இறுக்கிச் சொட்டை நிறுத்திவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார். ஆனால் அவர் இறுக்கிய குழாயை மறுநாள் காலையில் திறப்பதற்கு அந்தத் தாயார் அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைக்க வேண்டியிருக்கிறது. அவன் திறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனபின் மூடுவதற்கு ஆளில்லை.

இதன் காரணம் குழாயின் உள்ளே இருக்கிறது. பழைய பித்தளைக் குழாயில் கைப்பிடியோடு இணைந்த திருகுதண்டு ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு சிறிய ரப்பர் வாஷர் இருக்கும். நாம் திருகும்போது அந்த வாஷர் கீழிறங்கி, நீர் வரும் துவாரத்தின் விளிம்பில் அமர்ந்து அதை அடைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகி, அதில் பள்ளம் விழுகிறது. உப்புத் தண்ணீரின் படிவும் சேர்ந்துகொள்கிறது. அழுத்தித் திருகினால் அந்தத் தேய்ந்த வாஷர் இன்னும் நசுங்கி அப்போதைக்கு அடைக்கும். ஆனால் பள்ளம் ஆழமாகும். வாஷர் முற்றிலும் கிழிந்துவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி, விளிம்பே பழுதாகும். சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போது குழாயையே மாற்றும் செலவில் போய் நிற்கும்.

அன்று மாலையே ஸ்பேனர் ஒன்றோடு அவர் வீட்டுக்குத் திரும்பிச் சென்றேன். முதலில் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிட்டேன். திருகாணி ஏதும் விழுந்துவிடாதபடி தொட்டியின் துளையைத் துணியால் அடைத்தேன். கைப்பிடியை நீக்கி, அதன் கீழுள்ள நட்டை இடப்புறமாகத் திருப்பிக் கழற்றியபோது, வாஷர் கல்லைப்போல் இறுகி, வட்டமாக வெட்டுண்டு கிடந்தது. அதையே கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்கினேன். விளிம்பிலிருந்த உப்புப் படிவைத் துடைத்து, புதியதைப் பொருத்தி, யாவையும் கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் பூட்டினேன். கால் சுற்றிலேயே மூடிக்கொள்ளும் புதுவகைக் குழாய்கள் பலவற்றில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடுகள் இருக்கும்; அவை தேய்ந்தால் உள்ளிருக்கும் பாகத்தை முழுமையாக மாற்ற வேண்டும்.

“நீங்களே மூடிப் பாருங்கள், அம்மா” என்றேன். இரண்டு விரல்களால் மெல்லத் திருப்பினார். நீர் நின்றது. திறந்தார், மூடினார், மீண்டும் திறந்தார், மூடினார். பின்பு அந்தப் பழந்துணியை அலசிக் கொடியில் உலர்த்தினார்.

அந்தத் துணியின் வழியே வடிந்த நீர் எவ்வளவு இருக்கும்? நொடிக்கு ஒரு துளி, 20 துளிகளுக்கு 1 மில்லிலிட்டர் என்று கொண்டாலும், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல். ஓராண்டில் 1,500 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் நூறு குடங்கள்! 2019 ஜூலையில் சென்னையின் தாகத்தைத் தீர்க்க ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததை நினைவுகூருங்கள். முதல் இரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் நூறு குடங்களின் மதிப்பைச் சொல்வார்கள்.

ஆயினும், பிரியமானவர்களே, நீரோடு கூட இன்னொன்றும் அந்த வீட்டில் வடிந்துகொண்டிருந்தது. தன் வீட்டுக் குழாயைத் தானே திறந்து மூட இயலாதவர், நாள்தோறும் பிறரை எதிர்நோக்கி இருக்கிறார். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தைத் தொடங்குகையில் பவுல் அப்போஸ்தலன், பலவீனரைத் தாங்குவது பலமுள்ளவர்களின் கடமை என்பதை நினைவூட்டுகிறார். நாம் வந்து ஒருமுறை இறுக்கி மூடிவிட்டுப் போவதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. நாம் இல்லாத வேளையிலும் அவர்கள் கைக்கு அடங்கும்படி செய்துவைக்கும்போதே அவர்களைத் தாங்குகிறோம். குளியலறைத் தாழ்ப்பாள், எட்டாத அலமாரி, படிக்க முடியாத மாத்திரைச் சீட்டு ஆகிய யாவற்றிற்கும் இது பொருந்தும். பலமுள்ளவர் தம் கையால் சோதித்துப் பார்த்து, “சரியாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிடுவது எளிது.

ஆகவே இவ்வாரம் உங்கள் பெற்றோரிடமோ, உங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒருவரிடமோ செல்லுங்கள். அவர்கள் வீட்டுக் குழாயை நீங்கள் மூடாமல், அவர்களையே மூடச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். அந்த விரல்கள் சிரமப்படுமானால், ஒரு ஸ்பேனரும் ஒரு வாஷரும் அரைமணி நேரமும் போதும். வாலிபப் பிள்ளைகளே, இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். சபையில் உங்களுக்காகக் காத்திருக்கும் சமையலறைகள் பல உண்டு.

நமக்குக் கொடுக்கப்பட்ட பலத்தைப் பிறருக்குப் பயன்படுத்தக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.