பையில் போகும் வயருக்குப் பூர்வீகம் எது?

பயணம் கிளம்பும்போது நான் எடுத்துப்போகும் வானொலி நிலையம் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். கையகல டிரான்ஸீவர், சின்ன பேட்டரி, மோர்ஸ் கீ, சுருட்டிவைத்த 20 மீட்டர் வயர். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ உயரமான சில்வர் ஓக் ஒன்று கிடைத்தால் போதும். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசுவேன். குண்டு மறுபக்கம் இறங்கியதும் நரம்பின் வாலில் வயரைக் கட்டி இழுத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் அடிக்கத் தொடங்கலாம். சக்தி 5 வாட்தான். அந்த 5 வாட்டுக்குப் பதிலாக எங்கிருந்தோ ஓர் அழைப்புக் குறி காதில் விழும்போது உண்டாகும் சந்தோஷம் இத்தனை வருஷத்தில் எனக்குக் குறையவே இல்லை.

இந்த வயரின் சௌகரியம் ஒற்றை மரம். வழக்கமான டைபோல் என்றால் கேபிளை நடுவில் சேர்க்க வேண்டும். நடுவையும் தூக்க வேண்டும், இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்ட வேண்டும். இதில் ஒரு நுனி கிளையில், மறு நுனி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில். ஊர் சுற்றும் ஹாம்களுக்காக, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்காக, அண்மைக் காலத்தில் யாரோ யோசித்துச் செய்தது என்றுதான் எங்கள் வட்டத்தில் பேச்சு. அந்த யாரோ யார் என்று தேடப் போனேன்.

பெட்டிக்குள் இருப்பது கொஞ்சம்தான். கறுப்பான ஒரு ஃபெரைட் வளையம். அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரு பக்கம் 2 சுற்று, மறு பக்கம் 14 சுற்று. வோல்ட்டேஜ் 7 மடங்கு ஏறும், மின்மறுப்பு 49 மடங்கு. அவ்வளவு ஏற்றம் எதற்கு என்றால், அரை அலைநீள வயரில் மின்னோட்டம் நடுவில் கொழித்து நுனியில் வற்றிவிடும். வோல்ட்டேஜோ நுனியில்தான் உச்சம். அங்கே மின்மறுப்பு ஏறத்தாழ 2,500 ஓம். ரேடியோ கேட்பது 50 ஓம். 5 வாட்டுக்கே நுனியில் 110 வோல்ட் நிற்கும். 100 வாட் கொடுத்தால் 500. வீட்டில் சக்தியைக் கூட்டிவைத்து, டெஸ்டரிலிருந்து கழற்றிய நியான் பல்பை ஒரு காய்ந்த மூங்கில் குச்சியில் கட்டி வயரோரம் நகர்த்திப் பார்த்தேன். நுனியருகே செம்மஞ்சளாக மினுங்கியது; நடுப்பக்கம் வர வர மங்கி அணைந்தது.

எனக்குத் துப்புக் கொடுத்தது அந்த மினுக்கம்தான். நுனியில் எகிறும் இந்த வோல்ட்டேஜ் முதன்முதலில் யாருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கும்?

சென்னையில் மூத்த ஹாம் ஒருவர், அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் பழைய கையேடுகளைச் சேர்த்துவைத்திருப்பவர், ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். படத்தில் அரை அலைநீள வயர். அதன் ஒரு நுனியிலிருந்து ஏணி மாதிரி குறுக்குக் கட்டைகள் வைத்த இரட்டைக் கம்பி கீழே இறங்குகிறது. கம்பிகளில் ஒன்று மட்டும் வயரோடு சேர்ந்திருக்கிறது. மற்றொன்று அந்தரத்திலேயே முடிந்துபோகிறது. பெயர் ‘செப்’. “எல்லாம் அந்த செப்பலின் கப்பல் சமாச்சாரம்தான் தம்பி, ஆகாயக் கப்பலில் தொங்கவிட்டது” என்றார்.

அந்த வழியே போனால் 1909-ஆம் ஆண்டில் போய் நின்றது. ஹான்ஸ் பெகெரோ என்பவர் ஜெர்மனியில் வாங்கிய காப்புரிமை அது. அவருடைய கவலை ஹைட்ரஜன். செப்பலின் கப்பலை மிதக்கவைப்பது அந்த வாயு. அதன் பக்கத்தில் ஒரு தீப்பொறி தெறித்தால் கதை முடிந்தது. கப்பலிலிருந்து வெறும் வயரைத் தொங்கவிட்டு ஒலிபரப்பினால் உயர் வோல்ட்டேஜ் கப்பலின் உடம்பிலேயே வந்து உட்காரக்கூடும். பெகெரோ செய்தது என் மனதில் இன்னும் நிற்கிறது. கால் அலைநீளத்துக்கு இரட்டைக் கம்பி விட்டு, அதற்கும் அப்பால் அரை அலைநீள வயரைத் தொங்கவிட்டார். கால் அலைநீளம் கடந்து வரும்போது நிலைமை தலைகீழாகிறது: கீழ் முனையில் வோல்ட்டேஜ் உச்சம், கப்பல் முனையில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆபத்து முழுவதும் வாயுவை விட்டு விலகிக் கீழே போய்விடுகிறது.

1929-இல் உலகைச் சுற்றிய கிராஃப் செப்பலின் கப்பலிலும் நுனியில் ஈயக்குண்டு கட்டிய 120 மீட்டர் வயர்களைத்தான் கீழே விட்டார்கள். நான் தூண்டில் கடையில் வாங்குவதும் ஈயக்குண்டுதான்.

இந்த நுனி வயர் ஹாம்கள் கைக்கு வந்த விதம் சுவையானது. 1912-இல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைகளுக்கு ஒதுக்கிவைத்தது. 200 மீட்டர் அலைக்கு அரை அலைநீள வயரே 100 மீட்டர். யார் வீட்டுக் கொல்லையில் கட்டுவது? எதற்கும் உதவாது என்று தள்ளிவிடப்பட்ட சிற்றலைகளில்தான் அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள். 1923 நவம்பரில் பிரான்ஸின் டெலோயும் அமெரிக்காவின் ஷ்னெலும் 100 மீட்டர் அலையையொட்டி அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியாகப் பேசிவிட்டார்கள். அப்புறம் 80 மீட்டர், 40 மீட்டர் என்று இறங்க இறங்க வயரும் குறுகி, மாடிக்கும் மரத்துக்கும் இடையே கட்டும் அளவுக்கு வந்தது. 1920-களின் பிற்பாதியில் வியன்னா ஹாம் யோசெஃப் ஃபூக்ஸ் இரட்டைக் கம்பியையும் விட்டுவிட்டார். நுனியிலேயே ஒரு சுருளும் மின்தேக்கியும் வைத்து அலைவரிசைக்கு இசைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோஆக்ஸ் கேபிள் மலிவாகக் கிடைத்ததும் எல்லோரும் நடுவில் இணைக்கும் டைபோலுக்குத் தாவ, நுனி வயர் மறக்கப்பட்டது. பை ரேடியோக்கள் வந்ததும் ஃபெரைட் பெட்டியோடு அது திரும்பியிருக்கிறது.

என் பெட்டிக்கு நேர்த் தகப்பன் ஃபூக்ஸ்தான், பெகெரோவை இழுக்காதே என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. மின்சுற்றைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் இந்த வயர் வீட்டுக்குப் பிறந்து ஊர் சுற்றக் கிளம்பியதல்ல, பிறந்ததே பயணத்தில். அந்த நினைப்பை நான் விடமாட்டேன்.

பெகெரோவின் அசல் வாரிசு வேறு இருக்கிறது: 2 மீட்டர் அலைக்கு நாம் கட்டும் ஜே-போல் ஆன்டெனா. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கிய தட்டை வயர் ஒன்றரை மீட்டர் கிடைத்தால் போதும். அடியில் அரை மீட்டர் இரட்டைக் கம்பியாகவே இருக்கட்டும். மேலே ஒரு கம்பியில் கொஞ்சம் வெட்டி இடைவெளி விட்டுவிட்டால் மற்றது மட்டும் ஒரு மீட்டர் ஒலிபரப்பும். பெகெரோவின் வரைபடம் அப்படியே, தலைகீழாக. அதையும் நான் சுருட்டிப் பையிலேயே வைத்திருக்கிறேன். மலை ஏறினால் இரண்டையும் தொங்கவிடுகிறேன்.