அப்பாவைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட்

போன மாதம் ஒரு வன்கொடுமை வழக்குக்காக நம் தோழர் ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்குப் போன் போட்டோம். சாட்சிகள் பட்டியல் காலைக்குள் வேண்டும். எடுத்தது அவர் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. "அப்பா இப்பதான் தூங்குறாரு. எழுப்பினா திரும்பக் கெளம்பிடுவாரு. நான் எழுப்ப மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று சிரித்துக்கொண்டோம். மறுநாள்தான் வெய்ன் ஓட்ஸ் நினைவுக்கு வந்தார்.

ஓட்ஸைப் பற்றி நம் வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் உருவாக்கிய சொல்லை நாம் தினமும் பேசுகிறோம்: 'ஒர்க்கஹாலிக்'. குடிநோயாளியைக் குறிக்கும் 'ஆல்கஹாலிக்' என்ற சொல்லை வைத்து, 1968இல் ஒரு கட்டுரையில் அதை எழுதினார். 1971இல் 'ஒரு ஒர்க்கஹாலிக்கின் ஒப்புதல் வாக்குமூலங்கள்' என்ற பொருளில் புத்தகமே வந்தது. அவர் பாப்டிஸ்ட் போதகர், மத உளவியல் பேராசிரியர். பிராய்டின் சிந்தனைக்கும் கிறித்தவ நம்பிக்கைக்கும் என்ன உறவு என்று 1947இல் முனைவர் ஆய்வு செய்தவர். ஜெபத்தையும் விடவில்லை, உளவியலையும் விடவில்லை. ஆலோசனை சொல்லும் அறையில் இரண்டு பேர் இல்லை, கடவுளோடு சேர்த்து மூன்று பேர் என்று எழுதியவர். நம்மில் பலருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உடைந்துபோய் வருகிறவரை 'கேஸ்' என்று பார்க்காத அந்தப் பார்வையை மதிக்கிறோம்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் நம்மை நிறுத்திப் படிக்க வைத்தது. 1917இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் கிரீன்வில்லில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா பஞ்சாலைக்கு வேலைக்குப் போக, பாட்டியும் அக்காவும் வளர்த்தார்கள். ஆலைத் தொழிலாளர்களை அந்த ஊர்ப் பணக்காரர்கள் 'பஞ்சுத்தலையர்கள்' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். வேலை முடிந்து வருகிறவர்களின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்குமே, அதற்காக. செய்கிற வேலையையே வசவாக்குவது நமக்கொன்றும் புதிதில்லை.

பதினான்கு வயதில் வாஷிங்டனுக்குப் போய் செனட் சபையில் ஏவல் பையனாகச் சேர்ந்தார். பிறகு கல்லூரி, இறையியல் பட்டம், பேராசிரியர் வேலை, ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். நாம் சொல்கிற 'முதல் தலைமுறைப் பட்டதாரி'தான் அவரும். 1983இல் வந்த தன்வரலாற்றுக்கு 'விடுதலைக்கான போராட்டம்' என்கிற பொருளில்தான் தலைப்பு வைத்தார். எதிலிருந்து விடுதலை? வறுமையிலிருந்து, வறுமை உள்ளே விதைத்த தாழ்வு மனதிலிருந்து. அதை விரட்ட அவர் கண்டுபிடித்த மருந்து வேலை. மேலும் மேலும் வேலை. ஒருநாள் ஐந்து வயது மகன், அப்பாவின் அலுவலகத்தில் அவரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கேட்டான். குடிநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லிவந்த மனிதருக்கு, தன் நோய் எது என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் அவரை அப்படியே தூக்கிக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. 1915இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டிருந்தது. பஞ்சாலையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது, ஒரே வாசலில் நுழையக் கூடாது. ஓட்ஸின் அம்மாவுக்குக் கிடைத்த அந்தக் கொடுமையான வேலைகூட அதே ஊர்க் கறுப்பினத் தாய்க்குத் தறி அருகே கிடைக்காது. இருபதாம் நூற்றாண்டுச் செனட்டில் கறுப்பினப் பையன் ஒருவன் ஏவல் பணியில் சேர 1965 ஆகவேண்டியிருந்தது. பின்னாளில் பாப்டிஸ்ட் போதகரான ஜெஸ்ஸி ஜாக்சனும் கிரீன்வில் பிள்ளைதான். 1960இல் அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குள் உட்கார்ந்து போராடிக் கைதான எட்டுப் பேரில் அவர் ஒருவர். ஒரே ஊர், ஒரே சபைப் பெயர். ஒருவருக்கு நூலகம் திறந்தே இருந்தது, இன்னொருவர் அதற்காகச் சிறைக்குப் போனார்.

ஓட்ஸ் பாடம் நடத்திய லூயிவில் இறையியல் கல்லூரியை நிறுவிய நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவர்கள் சார்ந்த தெற்கு பாப்டிஸ்ட் சபை 1845இல் அடிமை முறையைக் காப்பாற்றத்தான் தனியாகப் பிரிந்தது. மன்னிப்புக் கேட்க 150 ஆண்டு ஆயிற்று. 1961 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கல்லூரிக்கு வந்து பேசியதற்காக, தெற்கில் பல சபைகள் கல்லூரிக்குக் கொடுத்துவந்த காணிக்கையை நிறுத்தின. சேரிக்கு ஒரு கல்லறை, ஊருக்கு ஒரு கல்லறை வைத்திருக்கும் நம்மூர்ச் சபைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏழ்மையிலிருந்து ஏறி வருவதும், சாதியும் நிறமும் போட்ட பூட்டை உடைத்து வருவதும் வேறு வேறு. ஆனாலும் உள்ளே நடக்கிற ஒன்றை ஓட்ஸ் சரியாகப் பிடித்துவிட்டார் என்றே நினைக்கிறோம். 'கோட்டாவில் வந்தவன்' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு பரீட்சையில் தோற்றால் நாம் மட்டும் தோற்பதில்லை, தெருவே தோற்றதாகச் சொல்வார்கள். அதனால் லீவு கேட்க வாய் வராது. காய்ச்சலோடு கள ஆய்வுக்குப் போவோம். போராட்டம் என்று வந்தபின் இன்னும் மோசம், தூங்கினால் துரோகம் மாதிரித் தோன்றுகிறது. ஒரு தோழர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே மனு எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படம் எடுத்து, பெருமையாக வாட்ஸ்அப்பில் போட்டோம் நாங்கள். இப்போது வெட்கமாக இருக்கிறது.

வழக்குகள் காத்திருக்காது என்பதும் பொய்யில்லை. அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதி சொல்கிறது. நாம் பின்னாலேயே ஓடாவிட்டால் அந்த அறுபது நாள் எப்படிக் கரையும் என்று எல்லோருக்கும் தெரியும். பஞ்சாலை வேலையிலிருந்து ஓட்ஸால் வெளியே வர முடிந்தது, நமக்கு வெளியே என்று ஓர் இடம் இல்லை. ஆனால் அதே ஒருவர்தான் எல்லா இரவும் ஓட வேண்டுமா என்ற கேள்வியை இதுவரை எந்தக் கூட்டத்திலும் நாங்கள் எடுத்ததில்லை. வரும் ஞாயிறு கூட்டத்தில் எடுக்கப்போகிறோம். யார் யார் எந்த நாள் போனை அணைத்து வைப்பது என்று ஒரு முறை வைத்துக்கொள்ளலாம் என்பது தங்கை ஒருவரின் யோசனை. சண்டை வரும். வரட்டும்.

அந்தச் சாட்சிப் பட்டியல் மறுநாள் ஒன்பதரை மணிக்குத்தான் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினோம். டி.எஸ்.பி. அன்றைக்கு ஆபீசுக்கே வரவில்லை.