முதல் வரியில் தீர்ப்பு நிற்கட்டும்

நீதிமன்றச் செய்தி எழுதுகிற எங்களுக்கு முதல் வரிதான் உயிர். தீர்ப்பளித்தவர் ஆண் என்றால் அந்த வரியில் உத்தரவு வந்து நிற்கும். பெண் என்றால் பல நேரம் அவரே வந்து நிற்பார். உத்தரவு கீழே இறங்கிவிடும்.

2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் 10 புதிய நீதிபதிகள் பதவியேற்றார்கள். அவர்களில் முரளிசங்கரும் தமிழ்ச்செல்வியும் கணவன் மனைவி. ஒரே நாளில் தம்பதி பதவியேற்பது அபூர்வம், செய்திதான். ஆனால் அன்றைய பத்துப் பேரில் 4 பேர் பெண்கள். அவர்களோடு சேர்த்து அங்கே பெண் நீதிபதிகள் 13 ஆனார்கள். நாட்டின் வேறெந்த உயர் நீதிமன்றத்திலும் அப்போது அத்தனை பேர் இல்லை. 1959-இல் கேரளத்தில் அன்னா சாண்டி நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கிருந்து 13 என்ற எண்ணுக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஏன் இவ்வளவு காலம் என்று கேட்க வேண்டிய நாளில், பல செய்திகளில் தம்பதிதான் தலைப்பைப் பிடித்தார்கள்.

தீர்ப்புச் செய்தியில் இந்தப் பழக்கம் இன்னும் கெடுதல் செய்யும். விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு எவ்வளவு என்ற வழக்கில் 2009-இல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தந்த தீர்ப்பைப் பாருங்கள். பெண்ணின் வேதனை பெண்ணுக்குத்தான் தெரியும் என்று எழுதிவிடுவது சுலபம். தீர்ப்புக்குள் இருப்பதோ கறாரான கணக்கு. இறந்த பெண் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பார், அதே வேலைகளுக்கு ஆள் வைத்தால் என்ன கூலி, குடும்பத்தைக் கூட்டுத் தொழிலாகப் பார்த்தால் அவர் பங்கு என்ன என்று மூன்று வழிகளை அது அலசுகிறது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை எடுத்தாண்டது. இதைப் பரிவு என்று எழுதினால் சட்ட உழைப்பு மறைந்துபோகும். இழப்பீடு கேட்டு அலைகிற இன்னொரு குடும்பத்துக்குத் தங்கள் வக்கீலிடம் எதைச் சுட்டிக்காட்டுவதென்று தெரியாது.

அதனால் டெஸ்க்குக்கு அனுப்பும் முன் ஒன்று செய்கிறேன். நீதிபதியின் குடும்பம், குரல், புடவை, கனிவு பற்றி வரி ஏதும் இருந்தால், ஆண் நீதிபதிக்கும் இதை எழுதுவேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். மாட்டேன் என்றால் அடித்துவிடுகிறேன். அந்த இடத்தில் உத்தரவின் காரணத்தை இன்னும் இரண்டு வரி விரித்து எழுதலாம். வழக்காடியவருக்கு அதுதான் தேவை, நீதிபதிக்கும் அதுதான் மரியாதை.